ஒருவரி அக்கா வாசித்த தலையணை நாவல்

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசியில் பேசுகிற வேலை அவளுக்கு. பேசுகிற வேலை என்று சொல்வது தப்பு, கேட்கிற வேலை. யார் வீட்டுக் குழாய் வறண்டாலும், யார் வீட்டு வாசலில் சாக்கடை பொங்கினாலும், அவர்களுடைய வயிற்றெரிச்சல் முழுவதும் அவள் காதில்தான் வந்து கொட்டும். தண்ணீர் வரவில்லை என்று சொல்லக் கூப்பிட்டவர், தண்ணீர் ஒழுங்காக வந்த காலத்திலிருந்து ஆரம்பிப்பார். நடுவில் பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் வரும். அந்த மோட்டாரை வாங்கிக் கொடுத்த மாமனார் வருவார். அவர் ஆள் எப்படி என்பதும் வரும். அவள் "ம்", "சரிங்க", "புரியுது" என்று நடுநடுவே போட்டுக்கொண்டே கணினியில் ஒரே ஒரு வரி தட்டுவாள்: "தண்ணீர் இல்லை, இரண்டாவது குறுக்குத்தெரு." அதில் மோட்டாரும் இருக்காது, மாமனாரும் இருக்க மாட்டார். ஆனால் மறுநாள் தண்ணீர் வந்துவிடும். இந்தக் கைவரிசைக்காக ஆபீஸில் அவளுக்கு "ஒருவரி அக்கா" என்று பெயர் விழுந்தது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது.

அவள் கணவர் குளிர்பதன வேன் ஓட்டுகிறவர். நாளெல்லாம் ஓட்டம். ரேடியோவைப் போட்டால் பாட்டை விட விளம்பரம் அதிகம். யாரோ சொன்னார்களென்று கைபேசியில் ஒலிப்புத்தகச் செயலி ஒன்றை இறக்கிக் கேட்டார். நன்றாகத்தான் இருந்தது. கதாநாயகன் பாழுங்கிணற்றில் விழுந்த இடத்தில் குரல் நின்று, மேலே கேட்க மாதச் சந்தா கட்டச் சொன்னது.

"அவனைத் தூக்கி விடறதுக்கு நான் எதுக்குங்க காசு கட்டணும்?" என்று யாரிடமோ கேட்பதுபோல் கைபேசியிடமே கேட்டுவிட்டு, செயலியை அழித்துவிட்டார். கிணற்றில் விழுந்தவன் இன்றுவரை அங்கேயேதான் கிடக்கிறான்.

அவருக்காகத்தான் அவள் நூலகத்துக்குப் போனாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற மாடிக் கட்டடம். புத்தகம் இலவசம், மின்விசிறிக் காற்று இலவசம், தூக்கமும் இலவசம் என்பதால் வாசிப்பறையில் எப்போதும் நல்ல கூட்டம் இருந்தது. தலைமை நூலகர் அவளை வரவேற்று, புதிதாகத் தொடங்கியிருந்த ஒலிப்புத்தகப் பிரிவைப் பெருமையோடு காட்டினார். அதில் இருந்ததெல்லாம் சுயமுன்னேற்ற நூல்கள். எல்லாவற்றையும் ஜலதோஷம் பிடித்த ஒரே மனிதர் வாசித்திருந்தார். "அதிகாலையில் எழுவது எப்படி" என்பதைக் கணவருக்காக எடுத்துப் போனாள். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து வண்டி எடுக்கிற மனிதர் அதை ஒரு வாரம் கேட்டுவிட்டு, "இந்தாளு என்னைத் தூங்க வைக்கிறாரு, ஆபத்தா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"வேற கதை எதுவும் இல்லீங்களா சார்?" என்று அவள் நூலகரிடம் கேட்டாள்.

"வாங்க நிதி இல்லம்மா. வாசிக்க ஆள் இருந்தா நாமளே பதிவு பண்ணலாம். உங்க குரல் நல்லா இருக்கே, எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு."

கேட்டிருப்பார். அவர் வீட்டுக் குழாயும் அடிக்கடி வறளும்.

அப்படித்தான் அவள் வாசிக்க வந்தாள். பழைய நாளிதழ்க் கட்டுகள் அடுக்கிய கிடங்கறையைக் காலி செய்து, சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஒட்டி, கதவில் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டு, அதற்கு ஒலிப்பதிவுக் கூடம் என்று பலகையும் மாட்டினார்கள். வேலை முடிந்து வரும் வழியில் மாலை ஒரு மணி நேரம் அங்கே உட்காருவாள்.

முதல் புத்தகத்தின் முதல் சில பக்கங்களை அட்சரம் பிசகாமல்தான் வாசித்தாள். நான்காம் பக்கத்தில் கதாநாயகி ஜன்னலோரம் நின்று தன் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கத் தொடங்கினாள். நினைத்தாள், நினைத்தாள், பக்கம் பக்கமாக நினைத்தாள். ஒருவரி அக்காவின் வாயில் "ம், சரிங்க" என்று வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். பிறகு அந்தப் பன்னிரண்டு பக்கங்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒலிவாங்கியில் தெளிவாகச் சொன்னாள்: "அவளுக்கு மனசு சரியில்லை." அடுத்த அத்தியாயத்துக்குப் போனாள்.

அதில் அவளுக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. வேலையை ஒழுங்காகச் செய்த நிம்மதிதான் இருந்தது. ஊரே வந்து புலம்புகிற இடத்தில் பிழைக்கிறவளுக்கு, ஒருத்தி ஜன்னலோரம் நின்று புலம்புவது பெரிய சங்கதியாகத் தெரியவில்லை. புத்தகம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. கணவர் கேட்டுவிட்டு, "வண்டி மாதிரி ஓடுது கதை" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வந்ததில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அவள் வாசித்த புத்தகங்கள் காட்டுத்தீ போலப் பரவின. வருஷக் கணக்கில் ஒரு புத்தகத்தையும் முடித்திராதவர்கள் வாரத்துக்கு இரண்டு முடித்தார்கள். நடைப்பயிற்சியில் ஒன்று, பாத்திரம் கழுவும்போது ஒன்று. "நேத்துதான் அந்தக் குடும்ப நாவலை முடிச்சேன், மூணு தலைமுறைக் கதை" என்று வங்கியில் வரிசையில் நின்றவர் பின்னால் நின்றவரிடம் சொன்னார். மூன்று தலைமுறையும் அவருக்குக் காய்கறி நறுக்குகிற நேரத்தில் பிறந்து, வளர்ந்து, செத்திருந்தது. தலைமை நூலகர் மாதாமாதம் மேலிடத்துக்குப் புள்ளிவிவரம் அனுப்பினார். மக்களிடையே வாசிப்புப் பழக்கம் மும்மடங்கு உயர்ந்திருப்பதாக மேலிடம் அதை வாங்கித் தன் மேலிடத்துக்கு அனுப்பியது. எந்த மேலிடமும் எதையும் கேட்டுப் பார்க்கவில்லை.

அந்த ஊரில் ஒரு எழுத்தாளர் இருந்தார். ஒரே ஒரு நாவல் எழுதியவர். அந்த ஒன்றே பத்து நாவலுக்குச் சமம், அவ்வளவு கனம். தலையணை என்று அதைச் சொல்வார்கள். நூலகத்தில் இருந்த பிரதியை ஜன்னல் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டாக வைத்திருந்தார்கள். உள்ளூர்க்காரரை ஆதரிக்க வேண்டும் என்று தலைமை நூலகருக்கு ஒருநாள் திடீரென்று தோன்றி, ஜன்னலுக்கு ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் புத்தகத்தை ஒருவரி அக்காவிடம் கொடுத்தார். மூன்று மாலையில் முடித்துக் கொடுத்தாள். அதுவும் பிய்த்துக்கொண்டு போனது.

நூலக வாசகர் வட்டம் எழுத்தாளரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தது. மனிதர் இஸ்திரி போட்ட சட்டையோடு, கண் கலங்கத் தயாராகவே வந்தார். கூட்டம் நிரம்பி வழிந்தது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து நாவலைப் புகழ்ந்தார்கள். "என்ன வேகம்!" என்றார் ஒருவர். "அனாவசியமா ஒரு வார்த்தை கிடையாது" என்றார் இன்னொருவர். எழுத்தாளர் லேசாக முகம் சுளித்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் குற்றச்சாட்டை யாரும் அவர்மேல் வைத்ததில்லை.

வட்டத்தின் தலைவர் ஒரு பல் டாக்டர். அடுத்தவர் வாயைத் திறக்க வைத்துவிட்டுத் தானே பேசிப் பழகியவர். அவர் முடிவுரையாக, "இதைப் படிச்சதுக்கப்புறம் நான் பழைய மனுஷனே இல்லை" என்றார்.

எழுத்தாளர் நெகிழ்ந்து போனார். "அந்த மழை அத்தியாயம் உங்களுக்கு எப்படி இருந்துதுங்க? அதுக்குத்தான் நாலு வருஷம் செலவழிச்சேன்."

டாக்டர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் தன் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். வரிசை முழுக்கப் பார்வை போய் முட்டித் திரும்பி வந்தது.

"எந்த மழை சார்?" என்றார் டாக்டர்.

எண்பது பக்க மழை அது. ஒருவரி அக்காவின் பதிவில் "அன்று மழை பெய்தது" என்று இருந்தது.

மறுநாளே நூலகக் குழு கூடியது. எழுத்தாளர் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். அவளை எழுந்து பதில் சொல்லச் சொன்னார்கள். அவளுக்குக் காது மடல் சுட்டது. எத்தனையோ பேருடைய கோபத்தைக் கேட்டிருக்கிறாள், தன்மேலேயே ஒருவர் கோபப்பட்டு இதுவரை கேட்டதில்லை. குழாய் வறண்டதற்குத் தன்னைத் திட்டுகிறவர்கள் உண்மையில் குழாயைத்தான் திட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். இது அப்படி இல்லை.

"நான் எதையும் விடலைங்க சார்" என்றாள் மெல்ல. "நடந்தது எல்லாம் இருக்கு. நடக்காததைத்தான் விட்டேன்."

"இலக்கியமே நடக்காததுலதாம்மா இருக்கு!" என்றார் எழுத்தாளர்.

பல் டாக்டர் உடனே தலையாட்டினார். கூட்டத்திலேயே பலமாக ஆடியது அவர் தலைதான்.

பழைய பதிவுகளை நீக்குவது, தலையணையை ஓர் எழுத்து விடாமல் மறுபடி வாசிப்பது, எழுத்தாளரே பக்கத்தில் உட்கார்ந்து கண்காணிப்பது என்று முடிவானது. வேறு ஆளைப் போடலாம் என்று யாரோ சொன்னதற்கு, "ஜலதோஷக்காரர்தான் இருக்காரு" என்றார் நூலகர். பேச்சு அதோடு நின்றது.

அன்று வீட்டுக்கு வந்ததும் நடந்ததையெல்லாம் கணவரிடம் சொன்னாள். "நான் போகப் போறதில்லைங்க. அவங்களே படிச்சுக்கட்டும்."

"அதெல்லாம் போ" என்றார் அவர், சட்டையைக் கழற்றி மாட்டியபடி. "சரக்குல பாதியை வழியிலேயே இறக்கிட்டேன்னு சொல்றாங்க. திரும்பப் போய் முழுசாச் சேத்துட்டு வந்துடு. அவ்வளவுதானே."

போனாள். முட்டை அட்டை அறையில் எழுத்தாளருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். முதல் வாரம் அவர் கண்ணை மூடிக்கொண்டு, தாளம் போடாத குறையாகத் தன் வாக்கியங்களைக் கேட்டார். "அந்த இடத்துல இன்னும் கொஞ்சம் ஆழமா" என்று திருத்தினார். அவளும் ஆழமாக வாசித்தாள். இரண்டாவது வாரம் நாற்காலியில் நெளிய ஆரம்பித்தார். எழுதியபோது தெரியாதது எல்லாம், இன்னொருவர் வாய் வழியாக வரும்போது காதில் குத்தியது. நிலவு ஒவ்வொரு முறையும் "வெள்ளித் தட்டு" ஆகவே வந்தது. எல்லாருமே "ஒரு கணம் திகைத்து நின்றார்கள்."

"அம்மா, இந்தப் பத்தியை மட்டும் விட்டுடலாமா?" என்றார் ஒருநாள், தணிந்த குரலில்.

"முடியாதுங்க சார். ஓர் எழுத்து விடக்கூடாதுன்னு குழு சொல்லியிருக்கு."

"நான் எழுதினதுதானே? நானே சொல்றேன்."

"எழுதினது எழுதினதுதான் சார்" என்றுவிட்டு மேலே வாசித்தாள். இதில் கொஞ்சம் பழிவாங்கலும் இருந்தது, அதை அவள் மறுக்கவில்லை.

மழை அத்தியாயம் வந்தது. வேலைக்குப் போன ஒருவன் வீடு திரும்ப முடியாமல் ஒரு கடை ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறான். மழை நிற்கவில்லை. அவ்வளவுதான் நடக்கிறது. அவனுக்குப் பக்கத்தில் வந்து ஒதுங்குகிறவர்கள், அவர்கள் பேசுகிற பேச்சு, தண்ணீர் படிப்படியாக ஏறி அவன் செருப்பை நனைப்பது, வீட்டில் காத்திருப்பவளை அவன் நினைப்பது. முதல் இருபது பக்கம் அவள் கடமைக்கு வாசித்தாள். அதற்கப்புறம் எந்தப் பக்கத்தில் என்று அவளுக்கே தெரியவில்லை, குரல் இறங்கி மெதுவாகிவிட்டது. இன்னும் எத்தனை பக்கம் இருக்கிறது என்று புரட்டிப் பார்க்கவில்லை. வேன் எங்காவது வெள்ளத்தில் நின்றுவிட்ட நாட்களில் கணவர் இப்படித்தான் எந்தக் கூரையடியிலாவது நின்றிருப்பார் என்று தோன்றியது. வந்ததும் அவர் "மழை, லேட்டாயிடுச்சு" என்று மட்டும்தான் சொல்வார்.

"இங்கேருந்து ஒரு முப்பது பக்கத்தை எடுத்துடலாம்மா" என்றார் எழுத்தாளர், கெஞ்சாத குறையாக. "கேக்கறவங்க ஓடிடுவாங்க. விட்டுடுங்க."

"கொஞ்சம் பேசாம இருங்க சார், அவன் நனையறான்" என்றாள் அவள்.

அதுவும் பதிவாகிவிட்டது. எதையும் வெட்டக்கூடாது என்பது உத்தரவாயிற்றே, நூலகர் அதை அப்படியே வெளியிட்டார். எழுத்தாளரின் இருமல், பெருமூச்சு, கெஞ்சல் எல்லாம் அதில் பத்திரமாக இருக்கின்றன.

முழுப் பதிவைப் பெரும்பாலானவர்கள் முதல் அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டார்கள். பல் டாக்டர் மட்டும் முழுசாகக் கேட்டுவிட்டதாகச் சொல்கிறார். மழையைப் பற்றி இப்போது யாரும் அவரிடம் கேட்பதில்லை, அவரே எடுத்துப் பேசுகிறார். நீக்கப்பட்ட பழைய பதிவுகள் கைபேசியிலிருந்து கைபேசிக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன. மேலிடத்துக்குப் போன புள்ளிவிவரத்தில் வாசிப்பு நேரம் பல மடங்கு கூடியிருந்தது. தலையணை இருபத்தாறு மணி நேரம் ஓடுகிறது, அதனால்.

கணவர் அதைப் பத்து நாள் கேட்டார். ஒருநாள் கிடங்கு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்து, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவன் வீட்டுக்குப் போய்ச் சேந்தானா?"

"எதுவரைக்கும் கேட்டிருக்கீங்க?"

"தண்ணி முழங்கால் வரைக்கும் வந்திருக்கு."

"அப்ப நாளைக்குக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.