ஒற்றை விரலால் திரும்பும் கார்

வீட்டோடு மாப்பிள்ளை என்பது ஒரு பதவி. சம்பளம் கிடையாது, ஓய்வு கிடையாது. சாப்பாட்டு வேளையில் மட்டும் தவறாமல் ஆய்வு உண்டு. நம் மெக்கானிக் அந்தப் பதவியில் அமர்ந்தே நரைத்தவர். மாமனார் ஒருநாளும் அவரை மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. 'வாங்க, போங்க' என்று சொல்லித்தான் மிதிப்பார்.

மாமனாரிடம் கப்பல் போல ஒரு பழைய கார் இருந்தது. அது நிற்க, வீட்டின் பின்னால் ஒரு கொட்டகையும் இருந்தது. அங்கே சொந்தப் பட்டறை போட்டுவிட வேண்டும் என்பதுதான் மெக்கானிக்கின் ஒரே ஆசை. அதே கொட்டகையை டைல்ஸ் அடுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார் சகலை. கடை முதலாளி, தனி வீட்டுக்காரர், ஆகவே அறிவாளி.

மாமனார் தீர்ப்பு சொன்னார்: "ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு மாப்ளே. ஒத்த விரல்ல திரும்பற மாதிரி பண்ணுங்க, கொட்டகை உங்களுக்கு. முடியலேன்னா சின்ன மாப்ளைக்கு."

பவர் ஸ்டியரிங்குக்கு இரண்டு ஹோஸ். ஒன்று பம்பிலிருந்து எண்ணெயை முழு வேகத்தில் தள்ளும். மற்றது அதைச் சாவகாசமாகத் திருப்பிக் கொண்டுவரும். இரண்டுமே வறண்டு வெடித்திருந்தன. மெக்கானிக் இரண்டையும் புதிதாக வாங்கி வந்தார். சாவகாச ஹோஸுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. மற்றதை மாற்ற மாமனார் விடவில்லை; பழசில் கம்பெனி முத்திரை இருந்ததாம்.

"மாமா, அது பிரஷர் தாங்காது."

"நான் உங்கள தாங்கலையா? பழசையெல்லாம் மாத்தற ஆளா இருந்தா, முதல்ல உங்களத்தானே மாத்தியிருப்பேன்!"

சகலை விழுந்து விழுந்து சிரித்தார். மெக்கானிக்கும் சிரித்தார், பதவிக்கு அது தேவை.

பழையதையே துடைத்து மாட்டினார். முனைகளைக் கையால் திருகி, ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல், சூடான சைலன்சர் குழாயில் படாமல் பார்த்து, பிறகே ஸ்பேனர் போட்டார். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எண்ணெய் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டார். உள்ளே சிக்கிய காற்று வெளியேற யாராவது ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்ப வேண்டும். சகலை ஏறி உட்கார்ந்தார்.

பம்பின் முனகல் அடங்கியது. ஆனால் பழைய ஹோஸில் எங்கோ ஈரம் மினுக்கியது. கசிவை அட்டைத் துண்டு வைத்துத்தான் தேட வேண்டும், கை வைக்கக் கூடாது என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். ஆனால் அட்டையைப் பார்த்தால் சகலைக்குக் கசிவு தெரிந்துவிடும். கொட்டகை டைல்ஸுக்குப் போய்விடும். சத்தமில்லாமல் ஆள்காட்டி விரலால் தடவினார். சகலை அந்த நேரம் பார்த்து ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து, அழுத்திப் பிடித்தார்; ஹோஸில் பிரஷர் உச்சத்துக்குப் போனது.

"ஸ்..."

"என்ன சகலை?" என்று சீட்டிலிருந்தே கேட்டார் அவர்.

"ஒண்ணுமில்ல, குத்திருச்சு."

விரல் நுனியில் ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை. மாமனார் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆராய்ந்தார். "எறும்பு கடிச்சா இதவிடப் பெருசா இருக்கும் மாப்ளே."

"இதுக்கா வேலைய நிறுத்தினீங்க?" என்றாள் மனைவி.

மாமனார் மதியம் குறட்டை விட்ட நேரத்தில், மரத்துப்போன விரலோடு புது ஹோஸைப் போட்டு, மேலே பழைய கரியைப் பூசினார் மெக்கானிக். சாயங்காலம் விரல் கத்தரிக்காய் போல வீங்கியிருந்தது. டாக்டரிடம் போகலாமா என்று மெல்லக் கேட்டார்.

"குத்துன இடத்துல இன்னொரு ஊசியா? தூங்கி எந்திரிங்க, சரியாயிடும்" என்றார் மாமனார்.

காலையில் வீக்கம் மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. "எண்ணெய் உள்ள பூந்து சதைய அழுக வச்சிருக்கு. நேத்தே வந்திருந்தா விரலக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

விரலை எடுத்த பிறகு மெக்கானிக் வீடு திரும்பினார். கொட்டகையில் கூரைவரை டைல்ஸ் பெட்டிகள். கார் தெருவில் நின்றது.

"மாமா, ஒத்த விரல்ல திரும்புதே..."

"யாரு இல்லேன்னாங்க? ஆனா இந்தக் கைய வச்சிக்கிட்டு பட்டறையா? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இப்போதும் விருந்தாளிகள் வந்தால் மாமனார் ஸ்டியரிங்கை ஆள்காட்டி விரலால் சுழற்றிக் காட்டுகிறார். "எல்லாம் அந்த ஒரிஜினல் ஹோஸ் மகிமை! இவரு மாத்தச் சொன்னாரு, நான் விடலையே!"

பக்கத்தில் துணியோடு நிற்கும் மெக்கானிக், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, பானெட்டைத் துடைக்கிறார்.