டீச்சரம்மா பிஸ்கோத்து

ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பத்தாம் நம்பர் லயத்து வரிசை வீட்டில் குடியிருந்த வீரம்மாவிடம் மணி என்ன என்று கேட்டால்கூட, கேட்டவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். பிறவிக் குணம் இல்லை அது. ஐம்பத்தொன்றாம் ஆண்டு இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து வந்த குணம்.

விண்ணப்பத்தில் ஒரு பொய் இருந்தது. உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், தாய்க்குச் சுகமில்லை என்று கடிதம் வந்து அவள் இந்தியாவில் திருச்சிக்குப் பக்கத்து மண்ணச்சநல்லூருக்குப் போனாள். இரண்டு மாதத்தில் வந்துவிடுவதாகத்தான் பேச்சு. தாயை அடக்கம் செய்தபின் திரும்பிவர வழியில்லாமல், பொன்மலை ரயில்வே காலனியில் ஒரு ரயில் கார்டின் வீட்டில் வேலைக்கு நின்று, பதினான்கு மாதம் கழித்து வந்து சேர்ந்தாள். ஆனால் தோட்டத்து ஆள்வரவுப் பதிவான செக்ரோலைப் பார்த்தால் அவள் ஒருநாளும் தோட்டத்தை விட்டுப் போகவில்லை. தன் கீழே ஆள் குறையக்கூடாது என்று செல்லசாமி கங்காணி, அவளுடைய நாத்தனார் காளியாயியை அவள் பெயரில் கொழுந்தெடுக்க அனுப்பிவந்தார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் வீரம்மா என்று கூப்பிட்டதும் காளியாயி கூடையை மாட்டிக்கொண்டு நடப்பாள். அந்தக் காலத்தில் அது யாருக்கும் பெரிய காரியமாகப் படவில்லை.

பிறகு சட்டம் வந்தது. வருஷத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருந்தவர்களுக்கு உரிமை இல்லை என்றார்கள். கங்காணியோ காலமாகிவிட்டார். மீதி விஷயம் தெரிந்தவர்கள் வீரம்மா, புருஷன் ஆண்டியப்பன், காளியாயி ஆகிய மூன்றே பேர். என்றைக்காவது விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். அதுவரை வாயை அடக்கிக்கொண்டிருந்தால் போதும் என்று முடிவுசெய்தார்கள்.

வாயை அடக்கினாள். கை சும்மா இருக்கவில்லை. ஐம்பத்துமூன்றில், மகள் படிக்கும் தோட்டப் பள்ளிக்கூடத்துச் சரஸ்வதி பூசைக்கு வீட்டுக்கு ஒரு பலகாரம் கேட்டிருந்தார்கள். மற்றவர்கள் கடலையும் வடையும் மோதகமும் கொண்டுவந்தார்கள். வீட்டில் பசு கன்று போட்டிருந்தது, நெய் இருந்தது. வீரம்மா பொன்மலையில் கார்டு வீட்டு ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்கார அம்மா பழக்கிய நெய் பிஸ்கோத்தைச் சுட்டுவிட்டாள். கோதுமை மாவில் பாதிக்கு ரவை, பொடித்த சீனி, ஏலக்காய், ஒரு சிட்டிகை அப்பச்சோடா. தண்ணீர் ஒரு சொட்டுக் கிடையாது, நெய்யிலேயே பிசைய வேண்டும். இரும்புச் சட்டியில் மணலைக் காயவைத்து, தட்டை உள்ளே இறக்கி மூடி, மூடிமேல் தேயிலைச் செடியில் வெட்டிய மிலாறுச் சுள்ளி எரித்த தணலை அள்ளிப் போட்டாள். உச்சி வெடித்து, தொட்டால் உதிரும் பதத்தில் வந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருஷமாகப் படிப்பித்துக்கொண்டிருந்த கனகாம்பிகை டீச்சர் அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மெல்லாமல் சற்று நேரம் அப்படியே நின்றார். அப்புறம் இன்னொன்றை எடுத்துக் கைக்குட்டையில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீரம்மா அந்தப் பையையே பார்த்தாள். தின்பதற்கு எடுத்தவர் எதற்கு மடிக்கிறார்? யாரிடம் கொண்டுபோய்க் காட்டப்போகிறார்?

இரண்டாம் நாள் டீச்சர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். குவார்ட்டர்ஸ் மேசையில் ஒரு தடித்த கொப்பி விரிந்திருந்தது. நுவரெலியாவில் மாதர் சங்கத்துக் கண்காட்சி வருகிறதாம். ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு பலகாரச் செய்முறை கேட்டு எழுதுகிறாராம். கொப்பியில் கோடு போட்டுக் கட்டம் பிரித்திருந்தார். பெயர், பலகாரம், சாமான்கள். கடைசிக் கட்டத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

"இதை நீர் ஆரிட்டை, எங்கை பழகினீர் எண்டும் எழுதவேணும்."

பலகாரத்துக்கு எதற்கு இடமும் ஆளும்? விண்ணப்பத் தாளிலும் இப்படித்தான் கட்டம் கட்டமாக இருந்தது. வீரம்மா கொஞ்சமும் தடுமாறாமல் பங்களா அப்புவிடம் பழகியதாகச் சொன்னாள். அப்பு என்றால் துரை வீட்டுச் சமையல்காரன் அழகன். செய்முறையையும் மாற்றினாள். நெய்க்குத் தேங்காயெண்ணெய் என்றாள், ரவையையும் சோடாவையும் விழுங்கிவிட்டாள், தண்ணீர் விட்டு நன்றாகப் பிசைய வேண்டும் என்றாள். டீச்சர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, சின்னதாகச் சிரித்த மாதிரி இருந்தது. அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்று வழிநெடுக யோசித்துக்கொண்டே வந்தாள்.

அந்த வாரமே கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன் மறித்தான்.

"ஏக்கா, நான் ஒனக்கு எப்ப பிஸ்கோத்து சுடப் பழக்கினேன்? டீச்சரம்மா வந்து கேக்குறாங்க, நான் முழிக்கிறேன். ஆண்டியப்பண்ணன் காதுல விழுந்தா ரெண்டு பேரு முதுகும் பிஞ்சிரும்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவனில்லாவிட்டால் வேறு யார், எந்தப் பங்களாவில் என்று ஆளுக்கொரு கேலி. வீரம்மாவும் சிரித்துவைத்தாள். கேலி அடங்கியதும் அதே கேள்வி நிஜமாகவே கிளம்பும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் ஆண்டியப்பன் ஏசவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனான். அது ஏச்சைவிட மோசமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், பெட்டி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு டீச்சரே லயத்துக்கு வந்துவிட்டார். காளியாயி பலகையை எடுத்துப் போட்டு, உள்ளே போவதுபோல் போய்க் கதவோரம் நின்றுகொண்டாள். டீச்சர் பெட்டியைத் திறந்து ஒரு பிஸ்கோத்தைச் சுவரில் தட்டினார். டொக் டொக்கென்று கேட்டது.

"நீர் சொன்னபடி சுட்டது. கடிச்சு என்ர பல்லு ஆடுது."

தன் கைப்பக்குவம் வேறு, டீச்சரம்மா அடுப்பு வேறு என்று வீரம்மா இழுத்தாள். டீச்சர் கையமர்த்தினார்.

"வாயிலை வைச்ச உடனையே எனக்குத் தெரியும். நான் மூண்டு வருசம் திருச்சியிலை ஹொஸ்ரலிலை இருந்து படிச்சனான். பொன்மலைச் சந்தையிலை ஒரு சட்டைக்காரக் கிழவி உந்தப் பிஸ்கோத்தை விக்கிறவ. இஞ்சை இந்த மலையிலை ஒருத்தருக்கும் உது தெரியாது."

வீரம்மா மனசுக்குள் வருஷத்தைக் கணக்குப் போட்டாள். பிறகு கேட்டாள்:

"அது எந்த வருசமுங்க?"

"முப்பத்தொம்பதிலை இருந்து நாப்பத்தொண்டு வரை. பயப்பிடாதையும், உம்மை நான் அங்கை காணேல்லை. நீர் எப்ப போனீர், எவ்வளவு காலம் நிண்டீர் எண்டு கேக்கவும் மாட்டன். செய்முறையை மட்டும் சரியாச் சொல்லும். கொப்பியிலை என்ர பேரைப் போடுறன், திருச்சியிலை பழகினது எண்டு. அதாலை எனக்கு ஒரு வில்லங்கமும் இல்லை."

அவருக்கு எப்படி வில்லங்கம் வரும்? பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இந்த நாட்டுக்காரர். ஒரு வருஷம் போய் இருந்தாலும் பத்து வருஷம் போய் இருந்தாலும் யாரும் ஏனென்று கேட்கப்போவதில்லை. வீரம்மா கதவோரம் பார்த்தாள். காளியாயி கண்ணைக் காட்டினாள், ஆனால் சொல்லச் சொல்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று விளங்கவில்லை. சொல்லாவிட்டால் என்ன செய்வார்? சொன்னால் மட்டும் சும்மா இருப்பார் என்பது என்ன நிச்சயம்? எப்படிப் பார்த்தாலும் விஷயம் இப்போது நான்கு பேருக்குத் தெரியும். நெய், ரவை, சோடா, மணல், மூடிமேல் தணல் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். டீச்சர் எழுதி முடித்து, பழைய பக்கத்தை அவள் கண்முன்னே கிழித்து அடுப்பில் போட்டார்.

நுவரெலியாக் கண்காட்சியில் அந்தப் பிஸ்கோத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. வெள்ளிப் பூச்சுப் போட்ட கிண்ணம்.

"ஒன்னையக் காப்பாத்த அவங்க பேரப் போட்டாங்களா, இல்ல கிண்ணத்துக்காகப் போட்டாங்களா மயினி?" என்று காளியாயி கேட்டாள். அதே கேள்வி வீரம்மாவுக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் பஸ்ஸில், அதிகாரிகள் இருக்கும் நுவரெலியாவுக்குப் போகும்போதெல்லாம் எதற்குப் போகிறார் என்று விசாரித்தாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது முகத்தைப் பார்த்தாள். டீச்சர் எப்போதும்போல வீரம்மா, சுகமோ என்று கேட்டுவிட்டுப் போனார். அதிலும் அவளுக்குச் சந்தேகம்.

அடுத்த வருஷம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பதினான்கு மாதத்தையும் காளியாயி அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தாள்: எந்த மலையில் கொழுந்து, யார் வீட்டில் சாவு, எந்த லயத்துக் கூரை காற்றில் பறந்தது. அதிகாரி கேட்டார், மொழிபெயர்ப்பாளர் திருப்பிச் சொன்னார், வீரம்மா நாத்தனாரின் நினைவுகளைத் தன்னுடையதுபோல எடுத்து வைத்தாள். இந்தியாவுக்குப் போனதுண்டா என்ற கேள்விக்கு, சின்ன வயசில் வந்ததோடு சரி என்றாள். சொல்லும்போது கண் தானாக வாசல் பக்கம் போயிற்று. வாசலில் யாரும் இல்லை.

ஐம்பத்தாறில் சான்றிதழ் பதிவுத் தபாலில் வந்தது. அப்போது கனகாம்பிகை டீச்சர் மாற்றலாகி யாழ்ப்பாணம் போய்விட்டிருந்தார். ஆண்டியப்பன் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போனான். வீரம்மா அந்தத் தாளை ராகலையில் ஒருவரிடமும் வலப்பனையில் ஒருவரிடமும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். இரண்டு பேர் வாசித்ததும் ஒத்திருந்தது. வலப்பனைக்காரர் கூடவே ஒன்று சொன்னார்: பொய் சொல்லி வாங்கியது என்று பின்னால் தெரிந்தால், கொடுத்தவர்களே இதைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

அறுபத்திரண்டில் ஒருநாள், ராகலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வேறு தோட்டத்து இளம்பெண் ஒருத்தி கையில் பிஸ்கோத்துப் பொட்டலத்தோடு பக்கத்தில் வந்து நின்றாள். தீபாவளிக்குச் சுட்டது, எடுத்துக்கங்க என்று நீட்டினாள். வீரம்மா ஒன்றை எடுத்துக் கடித்தாள். பல்லில் இழுத்தது.

"டீச்சரம்மா பிஸ்கோத்துன்னு எங்க பக்கம் பேரு. யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருத்தவங்க கண்டுபிடிச்சாங்களாம். அக்காவுக்குச் செய்யத் தெரியுங்களா?"

"தெரியாதுங்களே" என்றாள் வீரம்மா.

அந்தப் பெண்ணுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கைவிரலை மடக்கி மடக்கிச் சொல்லிக் கொடுத்தாள். மாவு, சீனி, நெய் எல்லாம் சரியாகத்தான் வந்தது. பிறகு முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைய வேண்டும் என்றாள். முட்டை சேர்ந்தால் உதிராது, இழுக்கும். அதுதான் இப்படி இருக்கிறது. முட்டையே கூடாது என்று சொல்ல வீரம்மா வாயெடுத்தாள். அந்தப் பெண்ணின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். யார் வீட்டுப் பெண்ணோ, யாரிடம் போய் என்ன சொல்லுமோ.

"முட்டை எத்தனைம்மா," என்று கேட்டாள், "ஒன்னு போதுமா, ரெண்டு ஊத்தணுமா?"