ரசத்தோடு வந்த அப்பளம்

சாப்பாட்டுக் கடைகளில் அப்பளம் முதலிலேயே வந்துவிடும். எனக்கு மட்டும் அது ரசத்தோடு வர வேண்டும். நொறுக்கிப் போட்டுப் பிசைந்தால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். பழக்கிவிட்டவர் சித்தப்பா. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் பகல் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். அண்ணன்கள் கையில் சிக்காமல் எனக்கென்று ஒரு அப்பளத்தைத் தட்டால் மூடி வைத்து, "ரசம் வரட்டும் பாப்பா" என்பார்.

சுரங்கம் மூடிய பிறகு அவர் பஜாரில் ஒரு மெஸ்ஸில் பரிமாறப் போனார். அது எனக்குத் தெரியும். அலுவலகத் தோழிகள் நான்கு பேரோடு தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சைனைடு மண்மேடுகளைப் பார்க்க எங்கள் ஊருக்கு வந்த அன்று, சாப்பாடு மலிவு, நன்றாகவும் இருக்குமாம் என்று அவர்கள் அந்த மெஸ் வாசலிலேயே காரை நிறுத்தினார்கள். வேறு கடைக்குப் போகலாம் என்றால் காரணம் கேட்பார்கள். என் ஊர் பெங்களூரு, அப்பா இன்ஜினியர் என்றெல்லாம் அவர்களிடம் அளந்து வைத்திருந்தேன்.

தண்ணீர் ஜக்கோடு வந்த சித்தப்பா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டு, முன்பின் தெரியாதவரிடம் சொல்வதுபோல், கன்னடத்தில் ஐந்து சாப்பாடு சொன்னேன். எங்கள் வீட்டுக்குள் ஒருநாளும் நாங்கள் கன்னடம் பேசிக்கொண்டதில்லை. ஜக்கை மேசைமேல் வைத்தார். பிறகு, "ஆய்த்து மேடம்" என்று அவரும் கன்னடத்திலேயே சொல்லிவிட்டுப் போனார்.

எல்லார் இலையிலும் அப்பளம் விழுந்தது, என் இலையைத் தவிர. ரசம் ஊற்றியபோது எனக்கு இரண்டு அப்பளமாகக் கொண்டுவந்து வைத்தார். உனக்கு மட்டும் என்ன தனிக் கவனிப்பு என்று தோழிகள் கேலி செய்தார்கள். எனக்கென்ன தெரியும் என்றேன், தலை நிமிராமலே. திரும்பும் வழியெல்லாம் அவர்கள் சாம்பாரைப் புகழ்ந்துகொண்டு வந்தார்கள். எனக்கு என்னை நினைத்தாலே கூசியது. இன்றும் கூசுகிறது.

போன மாதம் தனியாக, பங்காருபேட்டையில் ரயில் மாறி அந்த மெஸ்ஸுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய வார்த்தைகளை வழியிலேயே அடுக்கி வைத்திருந்தேன். அதே ஜக்கோடு சித்தப்பா வந்தார். இன்னும் நரைத்திருந்தார். என்னைப் பார்த்தவர், எனக்குப் பின்னால் வாசல் வரைக்கும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் குனிந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"இன்னா பாப்பா, கூட யாரும் வரலியே? தமிழ்லயே பேசலாமா?"

குத்திக் காட்டவில்லை, எனக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாதே என்றுதான் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்பளம் ரசத்தோடுதான் வந்தது. அதை நொறுக்க எனக்குக் கை வரவில்லை.