இழுக்காமல் நின்ற கை

போன வருடம் தவக்காலத்தில், ஒரு வியாழக்கிழமை மாலை, எங்கள் ஜிம்மிக்கு நாள் குறித்துக்கொண்டு வீடு திரும்பினோம். சனிக்கிழமை பதினோரு மணி. ஒரே ஊசி, வலியில்லாமல் போய்விடுவான் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார்.

ஜிம்மி பதின்மூன்று வயது நாட்டு நாய். என் கணவர் தூத்துக்குடிப் பக்கமிருந்து இங்கே வேலைக்கு வந்த புதிதில், கம்பெனி வாசலில் குட்டியாகக் கிடந்தவனை எடுத்து வளர்த்தார். கல்யாணமாகி வந்தபோது எனக்கு இந்த ஊரில் முதலில் பழகியது அவன்தான். என் மகள் ஜெனி அவன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகினாள்.

இரண்டு வருடமாக அவனுக்குக் கிட்னிக் கோளாறு. ஓயாமல் தண்ணீர் குடிப்பான், படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விடும். நான் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். அங்கே மிஞ்சும் நூலும் துண்டுத் துணியுமான வேஸ்ட்டை வாங்கி வந்து, பழைய தலையணை உறையில் அடைத்து அவனுக்கு மெத்தை செய்வேன். நனைந்தால் கொட்டிவிட்டுப் புதிதாக அடைப்பேன். எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதுதான். அவனை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

திடீரென்று சாப்பாட்டை நிறுத்தினான். தண்ணீரைக்கூட வாந்தி எடுத்தான். வாயில் எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்தார், கிட்னி இன்னும் மோசமாகியிருந்தது. வாயைத் திறந்து பார்க்கப் போனபோது, இதுவரை யாரையும் கடிக்காதவன் அவரைக் கவ்வ வந்தான். "இதுக்குமேல வெச்சிருக்கறது நம்ம ஆசைக்குத்தானுங்க. அதுக்கு வேதனைதான்," என்றார். என் கணவர் அங்கேயே அழுதுவிட்டார். நான் தலையாட்டினேன். பாதி வழியில், அப்படித் தலையாட்டியது தப்போ என்று தோன்றியது. வீட்டு வாசலுக்கு வந்ததும், இல்லை, அதுதான் சரி என்று தோன்றியது.

நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சரஸ்வதி அக்கா கேட்டார்: "ஏனுங்க, உங்க ஏசு சாமி நாயெல்லாம் பாக்குமுங்களா?" கேலிதான். ஆனால் எனக்குள்ளும் அதே கேள்விதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஒருவர் கணவரின் ஆபரேஷனைச் சொன்னார், ஒருவர் பிள்ளையின் காய்ச்சலைச் சொன்னார். நான் "வீட்டில் ஒரு சுகவீனம்" என்று மட்டும் சொன்னேன். கூட்டத்தை நடத்தும் அக்கா யாருக்கு என்று விடாமல் கேட்டார். சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "படைச்சவர்கிட்ட சொல்ல என்னம்மா வெட்கம்? பேரைச் சொல்லு," என்றார்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அதுவரை நான் கேட்டதெல்லாம், சனிக்கிழமைக்குள் அவன் தூக்கத்திலேயே போய்விட வேண்டும் என்பதுதான். அது விசுவாசம் அல்ல. முடிவெடுப்பதிலிருந்து தப்பிக்கப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை என் கணவர் ஆட்டோ கூப்பிடப் போயிருந்தார். ஜிம்மியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். இந்தமுறை வேறு மாதிரி கேட்டேன். "ஆண்டவரே, ஜிம்மிக்காக நான் செய்ய வேண்டியது ஏதாவது மீதியிருந்தால் காட்டும். இல்லையென்றால், இவனைச் சமாதானமாக அனுப்ப எனக்குத் தைரியம் தாரும்."

கண் மூடியிருந்தது. கைகள் பழக்கத்தில் அவனைத் தடவிக்கொண்டிருந்தன. கழுத்து, தோள், விலா. தினமும் கம்பெனியில் குறை தேடிப் பனியனை அப்படித்தான் தடவிப் பார்ப்பேன். வெளிப்பக்கம் முடிந்ததும் உள்பக்கம் திருப்புவோம். உள்பக்கம் பார் என்று மனதில் தோன்றியது. மெல்ல வாயைத் திறந்தேன். என்னைக் கடிக்கவில்லை. நாக்கைத் தூக்கினேன்.

அடிநாக்கைச் சுற்றி ஒரு ரோஸ் நூல் இறுகி, சதையை அறுத்துக்கொண்டிருந்தது. அதன் மறுமுனை தொண்டைக்குள் போயிருந்தது. அந்த மாதம் எங்கள் கம்பெனியில் ஓடிய ஆர்டரின் நூல். நான் அடைத்த மெத்தை.

எங்கள் வேலையில் பனியனில் தொங்கும் நூலைப் பிசிறு என்போம். பிசிறைக் கண்டால் கை கேட்காது, உடனே இழுத்துவிடும். என் இரண்டு விரல்களும் நூலைப் பிடித்துவிட்டன. அந்த நொடியில் கை நின்றது. யாரோ மணிக்கட்டைப் பிடித்ததுபோல நின்றது. எதையும் பத்து முறை யோசிக்கிற நான், அப்போது யோசிக்கவே இல்லை.

அதே ஆட்டோவில், அதே பதினோரு மணிக்குப் போனோம். மருத்துவர் பார்த்ததும் முதலில் கேட்டது, "இழுத்தீங்களா?"

"இல்லீங்க டாக்டர்."

"இழுத்திருந்தா குடல அறுத்திருக்குமுங்க," என்றார்.

லேசாக மயக்கம் கொடுத்து, நாக்கடியில் மட்டும் நூலை வெட்டிவிட்டார். ஸ்கேனில் குடல் இன்னும் கெடவில்லை. மீதி நூல் தானாக வெளியே வர வேண்டும். இரண்டு நாளில் வராவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டும், இந்தக் கிட்னியோடு அதை அவன் தாங்கமாட்டான் என்றார்.

வீட்டுக்கு வந்து அந்த மெத்தையைப் பார்த்து அழுதேன். என் கணவர் சொன்னார்: "நீ போட்ட மெத்தையிலதான் ரெண்டு வருசமா சொகமாத் தூங்குனான். அழாத புள்ள."

ஞாயிறு ஒன்றும் வரவில்லை. ஆராதனையில் ஜெபக்கூட்டத்து அக்கா எழுந்து, ஜிம்மி என்று பெயர் சொல்லியே சபையாரை ஜெபிக்கச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

திங்கள் காலை, கொல்லையில், அவன் மலத்தில் அந்த ரோஸ் நூல் முழுதாக வந்து கிடந்தது. எத்தனையோ காரியங்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். நாயின் மலத்துக்கு முன்னால் மண்டியிட்டு நன்றி சொன்னது அன்றுதான். மத்தியானம் கஞ்சியை நக்கிக் குடித்தான். வால் ஆடி ஆடித் தட்டில் அடித்தது. ஜெனி அந்தச் சத்தத்துக்குக் கை தட்டினாள்.

சாயங்காலம் சரஸ்வதி அக்கா வந்து ஜிம்மியை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்கூட்டு எருமை நாலு நாளாத் தீனி எடுக்க மாட்டீங்குது. அதுக்கும் ஒரு வார்த்தை சொல்லிப்போடு கண்ணு."

சொன்னேன். அதன் பெயரைக் கேட்டுக்கொண்டு சொன்னேன்.

கிட்னி குணமாகிவிட்டது என்று நான் பொய் சாட்சி சொல்லமாட்டேன். ஊசியைக் கண்டாலே பயந்த நான், இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் அவன் தோலுக்கடியில் சலைன் ஏற்றுகிறேன். மெத்தைக்கு வேஸ்ட் இல்லை, மடித்த போர்வை. ஒரு வருடம் ஓடிவிட்டது. மீண்டும் தவக்காலம். இதை எழுதும்போது என் பாதத்தின்மேல் தாடையை வைத்துக் குறட்டை விடுகிறான்.

சின்னக் காரியம், ஆண்டவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குகிற சகோதரிகளே, பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கேட்டுவிட்டு உங்கள் கைகளையும் கவனியுங்கள். எனக்கு அவர் பதில் தந்தது அங்கேதான்.