துணி போட்டு மூடிய கேமரா

கொல்லையிலிருந்த தண்ணீர் மோட்டார் திருடு போனதும், சவூதியில் வேலை பார்க்கும் என் மச்சான் கொல்லையில் ஒரு கேமரா மாட்டச் சொன்னார். மச்சான் என்றால் என் கணவர். பெரியபட்டினத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

மாட்டிய மறுநாளே போன் வந்தது. “ஏய், பால் பொங்குது பாரு!” ஓடிப்போய் வெளியடுப்பிலிருந்து பாலை இறக்கி வைத்த பிறகுதான் உடம்பு சிலிர்த்தது. பாலைவனத்தில் இருக்கிற மனுஷனுக்கு என் வீட்டுப் பால் தெரிகிறது! சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். கோழி ஓடினால் கேமராவும் கூடவே கழுத்தைத் திருப்பும். சமையலை விட்டுவிட்டு அதையே வேடிக்கை பார்ப்பேன்.

ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் தெருவில் பெண்களுக்கென்று பின்பக்கம் கொல்லைகளை இணைக்கிற ஒரு முடுக்குச் சந்து உண்டு. தலையில் துணியில்லாமலே வீட்டுக்கு வீடு போய் வருவோம். “அன்னிய ஆம்பள கண்ணுல படலாமா லாத்தா?” என்றார்கள். லாத்தா என்றால் அக்கா. அவர் இல்லாத வீட்டில் அந்தச் சாயங்காலப் பேச்சுதான் எனக்கு மூச்சு. சொல்லி அழுதேன். மச்சான் தங்கமானவர். “அவுக வார நேரம் ஒரு துணியப் போட்டு மூடிக்க” என்றார்.

பழைய தாவணி ஒன்றைப் போட்டு மூடினேன். திரை விழுந்தால் அந்தப் பக்கம் வேறு, இந்தப் பக்கம் வேறு. பிறந்ததிலிருந்து எங்களுக்குத் தெரிந்த கணக்கு அதுதான். எல்லோரும் திரும்பி வந்தார்கள், ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசினோம்.

ஒருநாள் அடுத்த வீட்டுக்காரி கேட்டாள். “ஒங்க மாப்பிள்ளை பெருநாளோட ஒரேயடியா ஊரோட வந்துருவாகளாமே லாத்தா, சந்தோஷந்தானே?”

“என்னத்தச் சந்தோஷம்? ரெண்டு மாசம் லீவுல வந்தாலே எனக்கு மூச்சு முட்டுது. அவுக அங்கன இருக்கதுதான் நிம்மதி.”

தாவணிக்குள்ளிருந்து ஒரு கனைப்பு கேட்டது.

பெண்கள் இருக்கும் முடுக்குக்குள் நுழையும் ஆண் கனைத்துவிட்டுத்தான் வர வேண்டும், அது ஊர் வழக்கம். அத்தனை பேரும் சட்டென்று முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டோம், மூடிக்கிடந்த கேமராவுக்கு முன்னால்! சுவருக்கும் காது உண்டு என்பதை வெறும் பழமொழி என்றே நினைத்திருந்தோம். கடல் தாண்டி வந்த அந்தக் கனைப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்தும் மனுஷன் மரியாதை தவறவில்லை. ஆனால் கனைப்பதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு போன் செய்தார். “சாப்பிட்டியா? அந்த ஒயரப் புடுங்கிப் போட்டுரு. பொம்பளையளுக்குச் சங்கடம்” என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

பெருநாள் வந்து போய்விட்டது. ஊரோடு வருகிற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. ‘வாங்க மச்சான்’ என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. சொன்னால் நம்பவா போகிறார்?