அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னவர் எங்கள் அப்பா

எங்கள் அப்பா வன்னியில் ஒரு மாவட்டத்தின் அரசாங்க அதிபராக, ஜி.ஏ.ஆக, இருந்தவர் என்பது ஒஸ்லோவில் தமிழர் பலருக்குத் தெரியும். அந்தப் பதவியைப் பற்றி அவர் இங்கே ஏன் ஒருநாளும் வாய் திறக்கவில்லை என்பது சிலருக்கே தெரியும். அவருடைய முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரை, எங்கள் வழக்கில் கல்வெட்டை, கையில் எடுக்கும் உறவினர்களும் நண்பர்களும் அதையும் அறிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

அப்பா வடமராட்சியில் பிறந்தார். தகப்பனைச் சிறுவயதிலேயே இழந்தார். பகலில் எழுதுவினைஞர் வேலை பார்த்துக்கொண்டே படித்து, நிர்வாக சேவைப் பரீட்சையில் தேறினார். மன்னாரிலும் கிழக்கிலும் உதவி அரசாங்க அதிபராக இருந்தபின், போர் உக்கிரமாக இருந்த காலத்தில் ஒரு முழு மாவட்டமும் அவர் பொறுப்பில் வந்தது. மாவும் மண்ணெண்ணெயும் ஏற்றிய லொறிகள் சோதனைச் சாவடிகளில் நாட்கணக்காக நிற்கும். அவற்றை விடுவிக்க இரண்டு பக்கத்தாரிடமும் அவரே போவார். "எனக்குச் சம்பளம் தாறது ஒரு பகுதி, ஏச்சுத் தாறது ரெண்டு பகுதி" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டார்.

அவர் வேலை செய்யும் விதம் வேறு. மக்களை இடம்பெயரச் சொல்ல வேண்டிவந்தால், அறிவித்தலைக் கிராம சேவகரிடம் கொடுத்துவிட்டு அலுவலகத்தில் இருக்கமாட்டார். ஜீப்பில் போய் இறங்கி, சனத்தின் முன்னால் நின்று தன் வாயாலேயே சொல்வார். கெட்ட செய்தியை இன்னொருவர் வாயில் போடக்கூடாது என்பார்.

அப்படித்தான் ஒருநாள், வீடுகளை விட்டு வந்து தெருவோரத்தில் இருந்த குடும்பங்களை ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார். அங்கே பயமில்லை என்றும் சொன்னார். அடுத்த நாள் காலை அந்தப் பள்ளிக்கூடத்தில் எறிகணைகள் விழுந்தன. இறந்தவர்களை எடுத்து அடக்கம் செய்யும்வரை அப்பா அங்கேயே நின்றாராம். அதன்பின் ஓய்வு பெறும்வரை வேலைக்குப் போனார். ஆனால் வீட்டில் பேசுவது நின்றுபோனது.

அம்மா கொழும்பில் இறந்தபின், இரண்டாயிரமாம் ஆண்டளவில், அப்பாவை ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டோம். பேரப்பிள்ளைகளை மழலையர் பள்ளிக்குக் கூட்டிப்போவார். பனி வழுக்கும் நாட்களில் அவர் திரும்பும்வரை நான் யன்னலை விட்டு அசையமாட்டேன். எங்கள் தமிழர் நிகழ்ச்சிகளுக்கு வந்தால் கடைசி வரிசையில் இருப்பார். மேடைக்கு அழைத்தால் மறுப்பார். "ஜி.ஏ. உத்தியோகம் போனாலும் கெப்பர் போகேல்லை" என்று, அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்ட ஒருவர் என் காதுபடவே சொன்னார்.

ஒரேயொரு முறை சம்மதித்தார். என் மகள் நடனமாடிய ஆண்டு விழா அது. அறிவிப்பாளர் அவர் வகித்த பதவிகளை வாசிக்க, அப்பா மெழுகுதிரியோடு குத்துவிளக்கின் முன் நின்றார். மண்டபத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்தார். பக்கத்துப் பகுதியான ஹொல்ம்லியாவில் இருக்கும் ஓர் அக்கா. முகம் தெரியும், அதிகம் பழகியதில்லை.

"ஐயா, அண்டைக்கு எங்களைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னது நீங்கள்தானே?"

ஒழுங்கமைப்பாளர் ஓடிவந்தார். "அக்கா, இருங்கோ, உதைப் பிறகு கதைப்பம். பிள்ளையளின்ரை நிகழ்ச்சி."

"அவவைக் கதைக்க விடுங்கோ" என்றார் அப்பா. பிறகு அந்த அக்காவைப் பார்த்து, "ஓம் பிள்ளை. நான்தான் சொன்னனான்."

"பயமில்லை எண்டும் சொன்னனீங்கள்."

"ஓம். அதையும் நான்தான் சொன்னனான்."

"என்ரை மனுசனும் மூத்தவளும் அங்கைதான் கிடக்கினம்."

அப்பா மெழுகுதிரியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார். என் மகள் ஆடினாள். என்ன ஆடினாள் என்று எனக்குத் தெரியாது.

காரில் அவள் கேட்டாள்: "அம்மப்பா, அந்த அன்ரி சொன்னது உண்மையா?"

"ஓம் குஞ்சு."

"அப்பா, பிள்ளைக்கு முன்னாலை வேண்டாம்" என்றேன்.

"அவள் கேக்கிறாள், நான் சொல்லுறன். நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு."

வீட்டுக்கு வந்தபின் என்னிடம் மீதியைச் சொன்னார். அந்தப் பள்ளிக்கூடத்தில் பொதுமக்கள் இருக்கிறார்கள், அதைத் தாக்காதீர்கள் என்று முறைப்படி இரு தரப்புக்கும் அறிவித்திருந்தார். கிடைத்தது என்று பதில் வந்தது. முறைப்படி அறிவித்துப் பதிலும் பெற்றால் அந்த இடம் காப்பாற்றப்படும் என்று, காலமெல்லாம் அரச சேவையில் இருந்த அவர் நம்பினார். அந்த நம்பிக்கையோடுதான் ஜீப்பில் போய் இறங்கினார்.

இதைச் சபையில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "அவவின்ரை கேள்விக்கு அது மறுமொழியில்லை" என்றார்.

பின்னர் அப்பா பஸ் ஏறி ஹொல்ம்லியாவுக்குப் போகத் தொடங்கினார். அந்த அக்காவின் கட்டடத்தின் கீழ்க்கதவு மணியை அழுத்துவார். "போங்கோ ஐயா, எனக்கு உங்களோடை கதைக்க ஒண்டுமில்லை" என்று மேலிருந்து குரல் வரும். திரும்பிவிடுவார். ஒரு மாரிநாளில் அந்த அக்காவே இறங்கி வந்தாராம். பஸ் தரிப்பிடத்து வாங்கில் இருவரும் உட்கார்ந்தார்கள். அப்பா எல்லாவற்றையும் சொன்னார். அக்கா கேட்டுவிட்டு, "அப்ப, சனம் இருக்கிற இடத்தை நீங்கள் காட்டிக் குடுத்ததாலைதானோ விழுந்தது?" என்றாராம்.

"அதுதான் பிள்ளை எனக்கும் தெரியேல்லை" என்றாராம் அப்பா. "தெரியாமலேதான் போகப்போறன்."

அப்படியேதான் போனார். நோய் நுரையீரலில் தொடங்கி எலும்புக்குப் பரவியது. கடைசி நாட்களில் பேச்சு தெளிவில்லை. சிலவேளை, "எல்லாரும் உள்ளுக்கை போங்கோ" என்பார். சிலவேளை, "போகாதேங்கோ, நில்லுங்கோ" என்று படுக்கையிலிருந்து எழப் பார்ப்பார். அவர் என்ன சொல்கிறார் என்று தாதியர் கேட்டபோது என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. நான் கையைப் பிடித்திருக்க, அப்பாவின் மூச்சு நின்றது. அந்தக் குரல் இப்போதும் என் வீட்டுக்குள் கேட்கிறது. பிள்ளைகள் வெளியே போகும்போது "கவனம்" என்று சொல்லக்கூட எனக்கு நா எழுவதில்லை.

இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்றதும் லண்டனிலிருக்கும் சித்தப்பா தொலைபேசியில் கோபப்பட்டார். "கல்வெட்டிலை ஆரும் இதுகளை எழுதுவினமே, பிள்ளை? பிறந்தார், படிச்சார், ஜி.ஏ. ஆனார், சேவை செய்தார், சிவபதம் அடைஞ்சார். அதோடை முடிச்சுப்போடு." சித்தப்பாவின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் நிறைந்த சபையில் அப்பா மறைக்காததை, அவர் இல்லாத இடத்தில் நான் மறைத்தால், அவர் சொன்ன அந்த "ஓம்" பொய்யாகிவிடும்.

அப்பாவைப் பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயருக்கும், சமைத்துக் கொண்டுவந்து எங்களைச் சாப்பிட வைத்த அயலவர்களுக்கும், தூர நாடுகளிலிருந்து வந்த உறவுகளுக்கும், என்மீது கோபம் என்றாலும், வந்து எல்லாக் காரியங்களையும் முன்நின்று செய்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஹொல்ம்லியா அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இறுதிக் கிரியைக்கு அவர் வந்தார். பூப் போடவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார். அவரைக் கேட்காமல் இதை எழுதக்கூடாது என்று கடந்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். எனக்குக் கதவு திறந்தது. தேநீரும் தந்தார்.

"எழுதுங்கோ தங்கச்சி. அவர் தன்ரை வாயாலை சொன்னதுதானே. ஆனா நான் மன்னிச்சுப்போட்டன் எண்டு மட்டும் போட்டிடாதேங்கோ. நான் மன்னிக்கேல்லை."

"போடமாட்டன் அக்கா" என்றேன்.