ஸ்கூட்டருக்குக் கட்டிய கொசுவலை

நூற்று ஐம்பத்தைந்து சிசி, பதினைந்து குதிரைத்திறன், லிக்விட் கூலிங். இத்தனையும் என் ஸ்போர்ட்டி ஸ்கூட்டரில் இருக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நடக்கிற வேகத்தில் போவதற்கு இதெல்லாம் கட்டாயம் தேவை.

இன்று காலை டோல்கேட்டை நெருங்கும்போது, இன்ஜின் சூடு என்று மீட்டரில் விளக்கு எரிந்தது. மெக்கானிக் டேவிட் அண்ணன் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

ரேடியேட்டர் பக்கம் குனிந்தவர் எதையோ விரலால் இழுத்துப் பார்த்தார்.

"இன்னாபா இது?"

"கொசுவலைண்ணே. நிலக்கரித் தூசி போயி ரேடியேட்டர் அடைச்சிக்கும்னு நாலா மடிச்சி கட்டினேன்."

"அது அடைக்கறதுக்கு முன்னாடி நீயே அடைச்சி வச்சிகீற. காத்து போனாத்தான நைனா இன்ஜின் ஆறும்?"

வலையை அவிழ்த்து உதறினார். கடை வாசல் கறுத்துப்போனது.

வண்டி ஆறியதும் கூலன்ட் ஊற்றினார். அப்படியே ஏர் ஃபில்டரையும் கழற்றிக் காட்டினார். தீய்ந்த அப்பளம் மாதிரி இருந்தது.

"புக்குல போட்டுகீற கிலோமீட்டரு வேற ஊருக்கு. எண்ணூர் வண்டின்னா பாதியிலயே மாத்திடணும்."

பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தினி வருசமா அங்க கீற?"

"பொறந்ததுல இருந்துண்ணே."

அவர் புது ஃபில்டரை எடுத்து மாட்டினார்.

ஸ்கூட்டர் இப்போது நன்றாக மூச்சு விடுகிறது. எண்ணூர்க்காரர்கள் யாராவது சொல்லுங்கள், நமக்குள் இருக்கிற ஃபில்டரை எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்?